கற்பூரத்தில் ஓடிய கார்

கற்பூரப் புகை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பக்தி வராது, எரிச்சல்தான் வரும்.

காரின் நூறாவது பிறந்தநாளை ஜெர்மனி கொண்டாடிய 1986இல் எனக்குப் பத்து வயது. ஹம் நகரத்தில், ‘ஹைம்’ என்று இலங்கையிலிருந்து வந்த நாங்கள் அழைத்த அகதிகள் விடுதியிலிருந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். உலகின் முதல் கார் 1886இல் தங்கள் நாட்டில்தான் பிறந்தது என்று ஆசிரியை பெருமையோடு சொன்னபோது, பள்ளி நூலகத்துப் படப்புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். முன்னால் பெரிய பானைபோலக் கொதிகலன் தொங்கும் மூன்று சக்கர நீராவி வண்டி அதில் இருந்தது. பீரங்கி இழுப்பதற்காகப் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் ஒருவர் செய்தது என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தது, ஆனால் படத்தின் கீழே 1769 என்று போட்டிருந்ததைப் படிக்க ஜெர்மன் எதற்கு? அது ஒழுங்காக ஓடவேயில்லை, அதையெல்லாம் கார் என்று சொல்ல முடியாது, நீராவியில் கார் ஓடும் என்றால் திங்கட்கிழமை ஓட்டிக் காட்டு என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது.

ஓட்டிக் காட்ட என்னிடம் ஒன்று இருந்தது. வேண்டாத சாமான்களை ஜெர்மன்காரர் தெருவோரம் குவித்து வைக்கும் ‘ஸ்பெர்மியூல்’ நாளில் அப்பா பொறுக்கி வந்த, பித்தளைக் கொதிகலன் வைத்த சாண் நீளப் பொம்மைக் கார் அது. அடியில் வைத்து எரிக்கும் எரிபொருள் வில்லைகள்தான் இல்லை.

“ஊரோட ஒத்து வாழோணும், பிள்ளை. அவையின்ரை கார், அவை சொல்லட்டும்,” என்றார் அம்மா.

பக்கத்து அறைச் சிவம் அண்ணைதான் என் பக்கம். “கற்பூரம் இருக்கேக்கை வேறை என்னத்துக்கு? சாமி கோவிக்க மாட்டார்,” என்று, தினமும் சாமிப் படத்துக்குக் கொளுத்த ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தையே அவிழ்த்தார்.

ஞாயிறு பின்னேரம் விடுதிக்குள், அறைகளுக்கு நடுவே ஓடும் நடைக்கூடத்தில் கொளுத்தினோம். நீராவி ஏறும்வரை காத்திருப்பதுதான் அந்தக் காலத்து நீராவிக் கார்களின் சாபக்கேடு. சத்தமில்லாமல், கியர் மாற்றும் தொல்லையில்லாமல் ஓடிய அவை பெட்ரோல் காரிடம் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். நாங்களும் காத்திருந்தோம். கார் ‘உஸ்’ என்று மூச்சுவிட்டு, சிவம் அண்ணையின் வாசல்வரை ஓடியது! கைதட்டல் அடங்குவதற்குள், கரும்புகையைக் கண்டு ‘ஹவுஸ்மைஸ்டர்’ என்ற விடுதிக் காவலர் ஓடிவந்தார். கூரையெல்லாம் கரி, கொடியில் காய்ந்த சட்டைகளெல்லாம் கரி. காரைத் தூக்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்காவது கேட்டு வாங்கித் தாருங்கள் என்று அப்பாவைக் கெஞ்சினேன்.

“ஏலாது பிள்ளை. எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உவனோட ஏன் சண்டைக்குக் கொழுவுவான்?”

காவலரைவிட அப்பாமீதுதான் எனக்குக் கோபம் பொங்கியது. என் அப்பா இப்படிப் பயந்து நான் பார்த்ததேயில்லை.

திங்கட்கிழமை வெறுங்கையோடு வகுப்பின் முன்னால் நின்றேன். நேற்று ஓடியது, என் கண்ணால் பார்த்தேன் என்று தமிழில் நெஞ்சு முட்ட இருந்தது. ஜெர்மனில் “ஓடும், ஓடும்” என்பதற்கு மேல் வரவில்லை. ஆசிரியை பரிவோடு என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் 1886 என்று எழுதினார். எல்லோரும் கொப்பியில் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

ஹைமை இடித்து, அங்கே கார்கள் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். சிவம் அண்ணை கனடா போனார், அப்பாவும் கண்ணை மூடிவிட்டார். நீராவிக் கார்களைப் பற்றி இப்போது ஜெர்மனில் மூச்சுவிடாமல் ஒரு மணித்தியாலம் என்னால் வாதாட முடியும். கேட்கத்தான் அந்த வகுப்பில் ஒருவருமில்லை.