கூரை மரங்களைக் கழற்றியவர்

மாரிமுத்து அண்ணர் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் புஷ்பம் தொலைபேசியில் சொன்னபோது, தாழ்வுபாட்டில் என் வீட்டுப் படலையடியில் மீன்காரரோடு பேசிக்கொண்டு நின்றேன். "அப்பா காலமை போயிட்டார், சேர். உங்களுக்கு அறிவிக்கச் சொன்னவர்" என்றாள். அவர் என்னை நினைத்திருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இலுப்பைக்கடவை வீதியோரம் எங்கள் பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகம் இருந்ததை இப்போது அந்த வழியால் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். விரிவுரை மண்டபம், ஆய்வுகூடம், இரண்டு விடுதிகள். இன்று உடைமரப் பற்றைக்குள் சீமெந்துத் தரைகள் மட்டும் கிடக்கின்றன. அங்கே படித்த உங்களுக்கு, அந்த வளாகத்தின் காவலாளராக இருந்த அந்த மெலிந்த மனிதரை நினைவிருக்கும். மலைநாட்டுக் கலவரத்தில் வீட்டை இழந்து, சிறு பிள்ளையாகத் தாயோடு இந்தப் பக்கம் வந்தவர். பூட்டிய பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அதற்கு ஒரு மாணவன் சிரித்தபோது, "பூட்டின வீடும் எரியும், தம்பி. ஆனா பூட்டேல்லை எண்டு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது" என்றார்.

போர் நெருங்கியபோது விரிவுரையாளர்கள் நாங்கள் லொறியில் ஏறினோம். வளாகத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். "நாங்கள் வரும்வரை ஒரு ஆணியும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று அவரிடம் சொன்னேன். "ஓம், சேர்" என்றார். நாங்கள் திரும்பிப் போகவில்லை.

சில நாட்களில் தென்பக்க வயல் ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்த சனம் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தது. அவர் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார். பிறகு ஷெல் வீச்சு தொடங்கியது. மண்டபத்தின் மேல் ஒன்று விழுந்து ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். அவர்களைப் புதைத்த கையோடு அவர் கூரையில் ஏறினார். கூரையைத் தாங்கிய தீராந்திகள், கதவுகள், அலுமாரிப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றி, பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கக் கொடுத்தார். நின்ற சுவர்களைப் பிறகு வந்த ஷெல்கள் சரித்தன. உடைந்த கற்களை, மீளக் குடியேறியவர்கள் அத்திவாரத்துக்கு அள்ளிப்போனார்கள்.

போர் முடிந்தபின் விசாரணை நடந்தது. விசாரித்த மூவரில் நானும் ஒருவன். யாருடைய அனுமதியோடு கழற்றினீர் என்று தலைவர் கேட்டார். "கேக்கிறதுக்கு அங்க ஒருத்தரும் இருக்கேல்லை, ஐயா" என்றார். அப்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அரச சொத்தை அழித்ததாக எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினோம். மற்ற இருவரும் கையெழுத்திட்ட பிறகு நானும் இட்டேன். மறுத்திருந்தால் என் பதவி உயர்வு தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான்.

சென்ற வருடம் அவர் நோயில் விழுந்தபோது பார்க்கப் போனேன். எனக்குக் கதிரை எடுத்துப் போடச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை அசைத்து நிறுத்தினார்.

"வேலை போனது பெரிசில்லை, சேர். பங்கருக்கு மேல போடத் தீராந்தியைத் தாங்கோ எண்டு, மண்டபத்தில ஷெல் விழ முதல் நாளே சனம் கேட்டது. செத்த அந்தப் பிள்ளையளின்ர தாயும் கேட்டவ. நீங்கள் சொல்லிப்போட்டுப் போனதை நினைச்சு, நாளைக்குப் பாப்பம் எண்டிட்டன். அண்டைக்கே கழட்டிக் குடுத்திருக்கலாம்."

கதிரையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

செத்தவீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து போனவன் நான் மட்டும். அந்த வயல் ஊர்ச் சனம் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தது. நான் யார் என்று கேட்ட ஒருவரிடம், அவரோடு வேலை செய்தவன் என்று சொன்னேன். "அப்ப நீங்களும் அங்க நிண்டனீங்களோ?" என்று அவர் மரியாதையோடு கேட்டார். இல்லை என்றேன்.

அந்த ஒரு நாள் தாமதத்தைத் தன் பிழையென்றே மாரிமுத்து அண்ணர் கடைசிவரை சுமந்தார். விசாரணைக் கோப்பில் அது எங்கும் இல்லை. அவரை அறிந்த உங்களுக்காவது தெரியவேண்டும்: அந்த நாள் அவருடையதல்ல, என்னுடையது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான்.