ஜெட் நட்டைத் திருப்பியவன்

பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. மாத்தளை கடைத்தெருவில் எனக்கு மிளகுக் கடை. லக்கல பக்கத்துத் தோட்டங்களில் மிளகு வாங்கப் போய்வர ஒரு பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தேன். அதை ஓட்டியவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். காரைப் பழுது பார்ப்பதும் அவர்தான். "இன்ஜினில மட்டும் கை வைக்காதீங்க மொதலாளி" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை அவர் இரண்டு நாள் லீவில் போனார். நானே காரை எடுத்தேன். ரத்தோட்டை ஏற்றத்தில் வண்டி திணறியது. கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் போகவிட்டால் ஏறும் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பானட்டைத் திறந்து, கார்பரேட்டருக்கு அடியில், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை ஸ்பேனரால் கீழ்நோக்கித் திருப்பினேன். ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. வண்டி ஏறியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் திரும்பி வந்த வாரமே புகை தொடங்கியது. கறுப்புப் புகை. காருக்குள் பெட்ரோல் வாடை. வழக்கமாக லக்கல போய்த் திரும்பினாலும் டேங்கில் மிச்சம் இருக்கும். இப்போது வழியிலேயே முள் அடிக்கு வந்தது.

அவர் பிளக்குகளைக் கழற்றினார், அடுப்புக்கரி போல இருந்தன. தேய்த்துப் போட்டார். ஏர் ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவினார். சோக் கம்பி முழுதாகத் திரும்புகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார். மிதவையைக் கழற்றி, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஜெட் நட்டை மட்டும் அவர் பார்க்கவில்லை. அது அவரே வைத்த அளவு.

"மொதலாளி, நான் இல்லாதப்ப யாராச்சும் கார்பரேட்டர்ல கை வச்சாங்களா?"

"இல்லையே" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முன்னால் சின்னவனாக மனம் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு, கொஞ்சம் திருப்பியதற்கா இவ்வளவு பெட்ரோல் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எங்கோதான் போகிறது என்று நம்ப ஆரம்பித்தேன்.

ஒரு நாள் காலை, கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது கேட்டேன்: "பெட்ரோல யாருக்கு விக்கிற?"

அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வண்டிதான் குடிக்குதுங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் பானட்டைத் திறந்து சிறிது நேரம் குனிந்திருந்தார். தன் சாமான்களை எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பெட்ரோல் அப்படிக் குறைவது நின்றது. "பார்த்தீங்களா, கள்ளன் போனான், டேங்க் நெறஞ்சிரிச்சு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பல்லேபொலவில் தங்கை வீட்டுக்குப் போகும்போது பின்சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "இப்ப பெட்ரோல் வாடை வருதில்லையே."

காரை ஓரம் கட்டினேன். புகையும் இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தேன். ஜெட் நட் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது.

மறுநாள் அவருடைய லயத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார், பிளேன் டீ கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"கடைசியா அந்த நட்டப் பாத்தேங்க. ஸ்பேனர் வழுக்கின தழும்பு இருந்துச்சு. நம்ம வண்டியில கை வைக்கிறது நாம ரெண்டு பேருதானே."

"திரும்பி வாங்க" என்றேன்.

"வாறேன். கடையில வச்சுத்தானே சொன்னீங்க, அதே கடையில வச்சு, அந்த ஆளுங்க முன்னாடி நான் பெட்ரோல் விக்கலைன்னு சொல்லிடுங்க. வாறேன்."

சரி என்றேன். மறுநாள் கடையில் அதே ஆட்கள் இருந்தார்கள். மிளகு விலை பேசினோம், மழை பேசினோம். வாய் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு மாதத்தில் அவர் தம்புள்ளையில் லொறி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். "சொகமா இருக்கீங்களா மொதலாளி?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்று கடையில் இருந்தவர்களில் மூன்று பேர் மௌத்தாகிவிட்டார்கள். அவர்கள் கடைசிவரை அவரைப் பெட்ரோல் கள்ளன் என்றே நினைத்துக்கொண்டு போனார்கள்.