நாலு முழக் கட்டு

சந்து முனைக்கு வந்ததும் அமிர்தவல்லி நின்று, தலையிலிருக்கும் விறகுக் கட்டைக் குறுக்காகத் திருப்பிக்கொள்கிறாள். ஊரிலுள்ள மற்ற விறகுக்காரிகள் சந்துக்குள் நுழையும்போது கட்டை நீளவாக்கில் திருப்புவார்கள். இவள் வழக்கமே வேறு. ரெட்டியார்பாளையம் ரோட்டில் ஒழுங்காக நீளவாக்கில் வந்த சவுக்குக் கட்டு, சந்துக்குள் தராசுக் கோல் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போகும். எதிரே வருகிறவர்கள் குனிந்து போகிறார்கள். யாரும் அவளைத் திட்டுவதில்லை.

கட்டிலுள்ள கழி ஒவ்வொன்றும் நாலு முழம். சந்தின் அகலமும் நாலு முழம் என்பது அவள் கணக்கு. கழி எங்காவது உரசினால், யாரோ வேலியை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். சத்தம் போடமாட்டாள்.

"ஒங்க வேலிக்குக் கால் மொளச்சிருக்குது போல. கொஞ்சம் உள்ள கூப்புடுங்க."

வீட்டுக்காரர் வந்து முள்ளை இழுத்து ஒதுக்கும்வரை தலைச்சுமையோடு நிற்பாள். ஒரு மணி நேரம் நின்றதும் உண்டு. அப்போதெல்லாம் இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாக மென்றுகொண்டிருப்பாள்.

ஆள் குள்ளம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாங்கி மூன்று வருஷமான செருப்பு இன்னும் புதிது, ஏனென்றால் அது எப்போதும் விறகுக் கட்டுக்குள் செருகப்பட்டுத் தலையில்தான் பயணம் செய்கிறது. சந்தின் நடுவில்தான் அவள் வீடு. மில்லுக்கு ஷிப்டு போகிறவர்களும், கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடிக்கிறவர்களும் அந்தச் சந்து வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். அது இல்லையென்றால் செங்கல் சூளையைச் சுற்றிக்கொண்டு ஒரு மைல் நடை.

"புள்ள வலியெடுத்தவள சூளையச் சுத்தியா தூக்கிகினு போறது?" என்பாள். அவளுடைய மூத்த மகளை இந்தச் சந்து வழியாகத்தான் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த ஒரு மைல் மிச்சத்தில்தான் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

சந்தை ஒட்டிய தென்னந்தோப்பை மில் மேஸ்திரி இராமதாஸ் வாங்கியபோதுதான் வம்பு வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் மழைக்காலம் முடிந்ததும் சந்தின் வாயில் கேட் போடக் குழி தோண்டினார்.

"இது தோப்புக்குப் போற வழி. பொது வழின்னு எந்தக் காகிதத்துல இருக்குது, காட்டு" என்றார்.

அமிர்தவல்லிக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனாலும் விறகுக் கட்டை சர்வே ஆபீஸ் வாசலில் இறக்கி வைத்துவிட்டு மூன்று நாள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தின் நகல் ஒன்று அவள் மடியில் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பலராமனை எல்லோரும் பிரெஞ்சிலேயே சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பொது நடைபாதை. அகலம் ரெண்டு மேத்ர்."

சந்தே கூடிவிட்டது. மேஸ்திரி அன்றைக்கே குழியை மூடினார். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மறுநாள் டேப்போடு வந்து நின்றார்.

"காகிதத்துல இருக்கிறபடியே அளந்துடுவோம்."

சொல்தா ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு பக்கமும் மண்ணைக் கிளறியதில் பழைய எல்லைக் கற்கள் தெரிந்தன. கல்லுக்குக் கல் சரியாக இரண்டு மீட்டர். பிறகு அமிர்தவல்லியின் கழியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சாண் குறைந்தது. இத்தனை வருஷமும் அவள் தன்னுடைய குட்டைக் கையாலேயே முழம் போட்டுக் கழி வெட்டியிருக்கிறாள்.

அந்தச் சாணில் பாதி மேஸ்திரியின் வேலிக்குள் போயிருந்தது. மறுபாதி, வீட்டிலுள்ள பெண்கள் குளிப்பதற்காகப் போன தை மாதம் அவளே கட்டிய கீற்று மறைப்புக்குள். அதைக் கட்டியபோதும் அவள் அதே கழியைத்தான் குறுக்கே பிடித்து அளந்திருந்தாள்.

மேஸ்திரி சிரிக்காமல்தான் சொன்னார்.

"இந்தாம்மா அமிர்தவல்லி, ஒன் மறைப்புக்கும் கால் மொளச்சிருக்குது போல."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் போய் மறைப்பின் மூலைக் கம்பத்தை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். கீற்று ஒரு பக்கமாகச் சரிந்தது.

"சொல்தா அண்ணே, ரெண்டு மேத்ர் எதுவரைக்கும் வருதுன்னு காட்டு."

அவர் பிடுங்கிய கம்பத்தின்மேல் டேப்பை வைத்துக் காட்டிய இடத்தில் கத்தியால் வெட்டினாள். வெட்டிய கம்பத்தை விறகுக் கட்டின் நடுவில் செருகிக் கயிற்றை இறுக்கினாள். நாலு முழக் கழிகளுக்கு நடுவே அது மட்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது.

"ஒரு கை புடிச்சித் தூக்கி வுடுங்க மேஸ்திரி."

மேஸ்திரி குனிந்து தூக்கிவிட்டார். அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, கட்டைக் குறுக்காகத் திருப்பிப் பத்தடி நடந்தாள். கம்பத்தின் நுனி மேஸ்திரியின் முள்வேலியில் மாட்டியது. அவள் அங்கேயே நின்று, இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள்.