பஸ்ரா மாஸ்டர் மீது எனக்கிருந்த எரிச்சல்

கரும்பலகையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் மதீனா என்றார் பஸ்ரா மாஸ்டர். பிறகு அரபுப் பேரரசு பரவிய விதத்தைக் காட்ட வெண்கட்டியைப் படுக்கப் போட்டுத் தேய்த்துக்கொண்டே போனார். டமாஸ்கஸ், எகிப்து, பாரசீகம். நூறு வருடத்துக்குள் ஒரு பக்கம் சிந்து, மறுபக்கம் ஸ்பெயின். டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில் அகதிகளுக்கான டேனிஷ் மொழி வகுப்பு அது. ஆளுக்கொரு நாள் எழும்பிப் பேச வேண்டும். அவர் ஈராக்கில், பஸ்ராவில் சரித்திரம் படிப்பித்தவர். நானும் யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியார்தான். இதே பாடத்தை வருடக்கணக்காகப் படிப்பித்தவன். ஆனால் எனக்கு அது பாடப்புத்தகம், அவருக்கு வீட்டுக் கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிடிச்ச ஊர்ச் சனத்திட்டை வரி வாங்கினதையும் சொல்லுங்கோ" என்று அரைகுறை டேனிஷில் குறுக்கே விழுந்தேன்.

"ஓம், வாங்கினவைதான்" என்றார் சாவகாசமாக. பிறகு ஒரு கதை சொன்னார். கோட்டையொன்றை முற்றுகையிட்ட படையில் இருந்த ஓர் அடிமை, யாரையும் கேட்காமல், உங்கள் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்று எழுதி, அம்பில் கட்டி உள்ளே எய்துவிட்டானாம். சனம் நம்பிக் கதவைத் திறந்துவிட்டது. அடிமையின் வாக்குச் செல்லுமா என்று தளபதி மதீனாவுக்கு எழுதிக் கேட்டார். அவனும் நம்மில் ஒருவன், அவன் வாக்கு நம் வாக்கு என்று கலீபா உமர் பதில் அனுப்பினாராம். வகுப்பே தலையாட்டியது. எனக்கோ அந்தக் கோட்டைச் சனத்தின் மேலேயே பொறாமை. அவர்களுடைய விசயத்துக்கு ஒரு பதிலாவது வந்ததே.

மனைவியையும் மகளையும் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. சட்டம் இடம் கொடுத்தது. கோப்புத்தான் அசையவில்லை, தமிழருடைய கோப்புகள் மட்டும்; மேலிடத்து உத்தரவு என்று பிறகுதான் தெரியவந்தது. பஸ்ரா மாஸ்டர் எனக்குப் பிறகு போட்டவர். அந்த டிசம்பரில் அவருடைய மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

அடுத்த நாள் பேரீச்சம்பழம் வைத்த பலகாரத்தோடு வகுப்புக்கு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. "இண்டைக்கு எனக்கு விரதம்" என்று பொய் சொன்னேன். தட்டை மரியாதையாக எடுத்துக்கொண்டு போனார். எங்கள் விரதத்தையும் தங்கள் நோன்பு மாதிரி நினைத்துவிட்டார் மனுசன். நாலு மணிக்கு முன்னமே பொழுது பட்டதுதான் தாமதம், தண்ணீரும் பலகாரமுமாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் தனியாகப் பசி கிடக்கக்கூடாதென்று தானும் அதுவரை ஒன்றும் தொடவில்லையாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையில் எடுத்த பலகாரத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

"விரதமில்லை. எனக்கு உங்களிலை பொறாமை" என்றேன்.

"உங்கடை இடத்திலை நான் இருந்திருந்தால் தட்டையே தட்டிவிட்டிருப்பன்" என்றார். "சாப்பிடுங்கோ."

என்னுடையவர்கள் வந்து சேர மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. ஒரு வயதில் நான் விட்டுவந்த மகள், ஐந்து வயதில் விமான நிலையத்தில், தாய் சொல்லிக்கொடுத்தபடி, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள்.

போன கிழமை பஸ்ரா மாஸ்டரைக் கடையில் கண்டேன். மருந்து போட மறந்ததற்காக அவருடைய மகள், சனத்துக்கு முன்னால், டேனிஷில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவரும் விட்டுக்கொடுக்காமல் கத்தினார். "பாருங்கோ, என்ன வாய் இவளுக்கு" என்று என்னிடம் முறையிட்டார். அந்தப் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. என் மகள் ஓல்போர்க் நகரில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுத்துச் சுகம் விசாரிப்பாள். இன்றுவரை என்னோடு ஒரு சண்டை பிடித்ததில்லை.