ஒலிபெருக்கியில் என் அப்பா

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்று கோவில்பட்டியில் என் கடலைமிட்டாயைத் தின்னாத வாய் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கடம்பூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனால் மட்டும், "பருத்தி களவாண்டவன் மகன் போறான்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு வரும்.

எனக்கு விவரம் தெரிந்த வயதில்தான் அது நடந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் என் அப்பாவை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றார். பருத்தி திருட வந்தான், வெட்டினேன் என்றார். அவர் தம்பியும் கோர்ட்டில் அதையே சொன்னார். வெட்டியவர் ஜெயிலுக்குப் போய்த் திரும்பினார். களவுப் பழி எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் நான் கை நனைப்பதில்லை. சாமிக்குக் கொடைத் திருவிழா என்று போனால்கூடக் குடிதண்ணீர் என்னோடு கேனில் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கொடை. பந்தலும் மைக்செட்டும் என் உபயம். நாலு ஊருக்குக் கேட்கும்படி வேப்பமரத்து உச்சியில் குழாய் கட்டச் சொல்லியிருந்தேன். அந்த வருசம்தான் வெட்டியவர் இறந்திருந்தார். அவர் தம்பி என் முன்னால் வந்து நின்றார்.

"மருமவனே, உங்கப்பா களவுக்கு வரல. வரப்புத் தகராறுல எங்கண்ணன் என்னைத்தான் வெட்ட வந்தான். உங்கப்பாதான் குறுக்க வந்து மறிச்சாவ. வெட்டு அவிய மேல விழுந்துட்டு. அண்ணன் தூக்குல தொங்கிரக் கூடாதேன்னு பொய் சொன்னேன். அவனும் போயிட்டான், இனி யாருக்காவ மறைக்க?"

வேப்பமரத்து உச்சியைக் கைகாட்டினேன். கேட்டேன்:

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி மாமா? மேல எம்புட்டுப் பெரிய குழாய் கட்டியிருக்கேன், பாத்தீயளா?"

மனுசன் தயங்கவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி, மைக்கைப் பிடித்து, அத்தனையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்தவர் மைக்கை அணைக்காமலே என்னைப் பார்த்து, "போதுமா மருமவனே, இன்னொரு மட்டம் சொல்லட்டா?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சொல்லுங்க மாமா, குளத்தூர் வரைக்கும் கேக்கட்டும்!" என்றேன். மறுபடியும் சொன்னார். என் அப்பா பெயர் அன்று ஊர் மேலே காற்றில் போனது.

பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மனைவி வேண்டுமென்றே, "கேன் தண்ணி வண்டில இருக்கு, எடுத்துட்டு வரட்டா?" என்றாள்.

"ஏட்டி, அத வண்டிக்கே ஊத்து!"

ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அண்ணாந்து குடித்தேன். உப்புக் கரித்தது. இன்னொரு சொம்பு கேட்டேன்.