கடைசிப் பக்கத்தில் அம்சவேணி

அம்சவேணி சினிமாக் கதைகளைச் சித்திரமாகப் போட்டாள். ஆம்பூர் டென்ட் கொட்டகையில் படம் மாறும்போதெல்லாம் அவள் வரைந்த சின்னப் புத்தகம் ஒன்று வெளிவரும். இடைவேளையில் முறுக்குத் தட்டோடு சேர்த்து அதையும் விற்பார்கள். கதை முழுக்கக் கட்டம் கட்டமாக அதில் இருக்கும். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று எங்கள் ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை. தெரிந்துகொண்டு அழுவதுதான் அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அவள் மட்டும் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

அவள் என் அப்பாவின் முதல் மனைவி, எனக்குப் பெரியம்மா. போன மாதம் இறந்துபோனாள். இதில் நான் எழுதுகிற பாதி விஷயங்களை அவளே சொன்னாள். மீதியை என் அம்மா சொன்னாள். அப்பா எதையும் மறுத்ததில்லை.

குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து ஆம்பூருக்கு வாழ வந்தவள் அம்சவேணி. கணவர் சம்பந்தம், அதாவது என் அப்பா, அப்துல் கரீம் பாயின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர். பாயின் மனைவி ஜஹீருன்னிசா தலையணை உறைகளில் பூவேலை செய்வார். அதற்குத் துணியில் பென்சிலால் பூவும் கிளியும் போட்டுக் கொடுத்தது அம்சவேணி. அந்தக் கிளியைப் பார்த்துத்தான் பாய்க்குச் சித்திரப் புத்தகம் போடும் யோசனை வந்தது.

வேலை நடந்த விதம் இதுதான். கொட்டகை நோட்டீஸ்களை அச்சடிப்பதால் அச்சகத்துக்கு ஒரு பாஸ் உண்டு. சம்பந்தம் முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டபடியே கதையைச் சொல்வார். அவள் வரைவாள். துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய மெட்ராசுக்குப் போக வேண்டும் என்பதால், பாய் அவள் படத்தைச் செருப்புக்கு அடியில் வைக்கிற தடித்த தோலில் ஒட்டி, கத்தியால் தானே வெட்டி எடுப்பார். தோல் மண்டிக்காரர் குடும்பம். கத்தி அவருக்குக் கைவந்தது. சம்பந்தம் கீழே வசனத்தைக் கோப்பார். அட்டையில் 'சித்திரம்: சம்பந்தம்' என்று இருக்கும். பாய் மார்க்கப்பற்று உள்ளவர், சினிமா பார்க்க மாட்டார். ஆக, வரைந்தவளும் வெட்டியவரும் பார்க்காத படத்தைத்தான் ஊர் காசு கொடுத்து வாங்கியது.

நானும் ஒரு தடவை வருகிறேன் என்று அம்சவேணி கேட்டதுண்டு. பாஸ் ஒன்றுதான் என்று பதில் வரும். மாமியார் ராஜம்மாள் அதோடு விடமாட்டாள். "கொட்டாய்க்குப் போறவளுங்க இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணோட போறாளுங்க. நீ எத்த இட்டுக்கினு போவப்போற?" என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த வீட்டில் உப்பு கம்மியானாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும்.

நோட்டீஸில் நடிகையின் முகம் எப்போதும் நேராகத்தான் இருக்கும். குனிந்து அழுகிற முகமும் பக்கவாட்டு முகமும் வேண்டியபோது அம்சவேணி கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தன் முகத்தையே பார்த்து வரைவாள். ஆண் முகம் திரும்ப வேண்டுமானால் எதிரே இட்லி தின்கிறவரைப் பார்ப்பாள். அப்போதெல்லாம் அதை யாரும் கவனித்ததில்லை.

ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் ஜெயில் என்று சட்டம் வந்த மறுவருஷம் அது. அப்பாவுக்கு நெமிலிப் பக்கத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெயர் சுந்தரி; அவள்தான் என் அம்மா. நிறையப் பெண்களைப் பெற்ற நெசவுக்காரர் வீடு. பெண் வீட்டுக்காரர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டார்கள்: மூத்தவள் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, அவளாகவே சம்மதித்திருக்க வேண்டும். வீட்டில் நேரே கேட்கும் துணிச்சல் அப்பாவுக்கு இல்லை. கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே பாயிடம் போய்ச் சொல்லியிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கொட்டகைக்கு அப்படி ஒரு படம் வந்தது. பிள்ளை இல்லாத மனைவி, பேரன் கேட்கிற மாமியார், நடுவில் தவிக்கிற கணவன். அப்பா அதை ஒரேயடியாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்த மனைவி கோயில் கோயிலாகப் போனதையும், தெருவில் பட்ட பேச்சையும் சொல்லும்போது அவர் குரலே மாறும் என்று பெரியம்மா சொல்வாள். இந்த மனிதருக்கு என் கஷ்டம் தெரிந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவ்வளவு பிரியம் தோன்றியதில்லையாம்.

முடிவை அப்பா இப்படிச் சொன்னார்: அந்த மனைவியே ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, அவள் கையைக் கணவன் கையில் வைக்கிறாள். கொட்டகையே எழுந்து நின்று கும்பிட்டதாம்.

அம்சவேணி கண்ணாடியைச் சாய்த்துவைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தை வரைந்தாள். கண்ணாடியில் இருந்தவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்ததால் படம் நன்றாக வந்தது. வரைந்து முடித்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் அப்டி ஒருத்தியப் பாருங்க" என்றாள்.

"நீயே சொல்றியா?"

"நாந்தான் சொல்றேன்."

"அம்மா, கேட்டியா? அவளே சொல்றா" என்றார் அப்பா உள்ளே பார்த்து.

மறுநாளே, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பாயிடம் சொல்லிவிட்டு நெமிலிக்குக் கிளம்பினார். கடைசிப் பக்கத்தைத் திரும்பி வந்து தானே முடித்துத் தருவதாகவும் சொன்னார். அந்தப் பக்கத்தை மாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. கொட்டகை முதலாளி புத்தகம் இன்றைக்கே வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பாய் வீட்டுக்கு வந்து அவளிடமிருந்து அந்தப் பக்கத்தை வாங்கிப் போனார். என்ன வசனம் என்று கேட்டு, அவள் சொன்னதையே தன் கையால் கோத்து அடித்தார்.

முதல் ஆட்டம் முடிந்ததும் புத்தகங்கள் அச்சகத்து வாசலுக்குத் திரும்பி வந்தன. சிலது கிழிந்து வந்தன. காசைத் திருப்பிக் கேட்டவர்களைவிட, படம் பார்க்காமலே கதை அளக்கிறீர்களா என்று சிரித்தவர்கள் ஜாஸ்தி. காலையில் பாய் புத்தகத்தோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, இந்தக் கடைசிய யாரு சொன்னது?"

"அவருதான் பாய்."

"படத்துல இப்டி இல்லியாம். அந்தப் பொண்ணு ஒத்துக்கலியாம். சாவிக்கொத்த மாமியார் கையில குடுத்துட்டு வூட்ட வுட்டே போய்டுதாம்."

அவள் தன் கணவர் எந்த ஊருக்குப் போயிருக்கிறார், எதற்குப் போயிருக்கிறார் என்பதைச் சொன்னாள். பாய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அச்சகத்தின் பாஸை எடுத்து அவளிடம் கொடுத்தது அவர்தான்.

அன்று சாயங்காலம் அம்சவேணி பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்து தன் வாழ்க்கையின் முதல் படத்தைப் பார்த்தாள். அப்பா சொன்ன எல்லாமே அப்படியே இருந்தன. கோயில்கள், தெருப்பேச்சு, எல்லாம். முடிவு மட்டும் வேறு. திரையில் அந்தப் பெண் வெளியே நடந்தபோது சுற்றி இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெரியம்மாவுக்கு அழுகை வரவில்லையாம். இவள் எங்கே போய்த் தங்குவாள் என்பதுதான் தோன்றியதாம். குடியாத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோயிருந்தது. இரண்டு வருஷம் முன்பே, நீ இங்கே வந்துவிடாதே என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் மதியம் அப்பா மாலையோடு வந்தார். பக்கத்தில் என் அம்மா. ராஜம்மாள் ஆரத்தித் தட்டை மூத்த மருமகள் கையில் திணித்தாள். அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு, நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் தெரு கேட்டது.

ஜாதிப் பெரியவர் ஆதிகேசவனை அழைத்து வந்தார்கள். அவர் வரும்போதே யாரிடமோ வாங்கிய சித்திரப் புத்தகம் கையில் இருந்தது. நடு வீட்டில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். அந்தப் பக்கத்தில் கையைப் பிடித்துக் கொடுக்கிறவளுக்கு அம்சவேணியின் மூக்கும் மூக்குத்தியும், வாங்கிக்கொள்கிறவனுக்கு என் அப்பாவின் தாடையும் இருந்தன.

"ஏம்மா, இது யாரு மொகம்?"

அவள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"இது நீ. இவன் உன் புருசன். நீயே புடிச்சிக் குடுக்கற மாதிரி போட்டு ஊரு பூரா வித்துட்ட. இப்போ கோர்ட்டுன்ற. கோர்ட்டுல இத்த நீட்டுனா நீ இன்னா சொல்லுவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புத்தகம் கைமாறிப் போனது. மூக்கு அச்சு அசலாக இருக்கிறது என்று ஒருத்தி மெச்சினாள்.

"அவரு பொய் சொன்னாரு. படத்துல அவ போய்ட்றா" என்றாள் அம்சவேணி.

"போறவளுக்கு மறுநாளு சோத்துக்கு சினிமாக் கம்பெனிக்காரன் குடுப்பான். உனக்கு யாரு குடுப்பா?"

சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று வாசலிலிருந்து பாய் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஜாதி விஷயத்தில் உங்களுக்கு எதற்குப் பேஜார் என்று மரியாதையாகவே கேட்டார்கள். சாட்சி சொல்ல யார் வருவீர்கள் என்று ஆதிகேசவன் பொதுவாகக் கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை பேசினார். "நான் கதை சொன்னேன். வரைஞ்சது அவ."

பெரியம்மா குனிந்து ஆரத்தித் தட்டை எடுத்தாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். குங்குமம் வைக்கும்போது அவள் விரல் ஈரமாக இருந்தது என்று அம்மா சொல்வாள். வியர்வையா, தட்டு நீரா என்று தெரியாது. மூத்தவளே தன்னைத் தேர்ந்தெடுத்ததாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். மூத்தவள் தட்டைத் தரையில் வைத்த நிமிஷம் வரை அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பாய் ஆள் அனுப்பினார். படம் இன்னும் ஓடுகிறது, கடைசிப் பக்கத்தை மட்டும் சரியாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கேட்கவே அவருக்குக் கூசியிருக்கும். ஆனால் அச்சகம் நடக்க வேண்டும். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அம்சவேணி சமையல்கட்டுச் சுவரோரம் உட்கார்ந்து வரைந்தாள். இந்தத் தடவை யாரும் கதை சொல்லத் தேவையில்லை. பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள் என்பதால் கண்ணாடியும் வேண்டியிருக்கவில்லை. முன்னால் சாலை. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

என் அம்மா எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"அக்கா, இவ எங்க போறா?"

"தெரியல" என்றாள் பெரியம்மா. "படம் அதோட முடிஞ்சிடுது."

பிறகு காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்பதைப் புதியவளுக்குக் காட்ட எழுந்தாள்.