ஜீனில் பிழை இல்லை

என் அக்காவுக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் முட்டைக்காரி. பதினோரு வருடமாக அவள் வேலை அதுதான். இரண்டு நாள் அடைவைத்த கோழிமுட்டையிலிருந்து ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சுவாள். ஓட்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, சின்னக் கத்தரியால் ஜன்னல் வெட்டுவாள். உள்ளே அரிசி நீளத்துக்கு ஓர் உயிர் துடிக்கும். கண் எப்படி உருவாகிறது என்று ஆராயும் விஞ்ஞானியம்மா, அதில் கண் முளைக்கும் இடத்தில் வேலை பார்ப்பார். பிறகு அக்கா ஜன்னலை மூடிவிடுவாள்.

அக்கா மகளுக்கு ஆறு வயது. கண்மணியைச் சுற்றியிருக்கும் வண்ண வளையம் அவள் கண்களில் பிறவியிலேயே இல்லை. வெளிச்சம் கூசும், பார்வை வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு வந்தது. நான் நெடும்பயணம் முடித்து வீடு திரும்பிய வாரம் அவளுடைய ஜீன் பரிசோதனை முடிவு வந்தது. கண்ணை உருவாக்கும் ஜீனில் பிழை இல்லை.

"ஊர் ஊரா சுத்தினியே, இப்படி ஒரு நல்ல சேதி எங்கயாவது கேட்டியாடி?" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஜீன் நன்றாக இருந்தால் கண்ணை எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று நம்பினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்புறம் ஏன்க்கா கண்ணு இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அது அவளை அரித்தது. விஞ்ஞானியம்மாவிடம் போய் நின்றாள். அவர் ஜீனோடு நிற்காமல் அக்கம்பக்கமும் தேட ஏற்பாடு செய்தார். இரண்டு மாதத்தில் தெரிந்தது: ஜீனுக்கு வெகுதொலைவில் ஒரு துண்டைக் காணோம்.

அவர் தன் அடையாள அட்டையின் நாடாவை மடித்துக் காட்டினார். "இந்த முனைல ஜீன், அந்த முனைல சுவிட்ச். கண்ணு உருவாகுற நேரத்துல, இறுகிக் கிடக்கிற டி.என்.ஏ. நூல் இங்க மட்டும் நெகிழும். மடிஞ்சு ரெண்டும் கிட்ட வரும், அப்பதான் ஜீன் வேலை செய்யும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு நூல் வரும்; உன் பொண்ணுக்கு ஒரு நூல்ல அந்த சுவிட்சே இல்லம்மா. இன்னொண்ணு மட்டும் போதல."

"இப்ப அந்த சுவிட்ச வச்சுட்டா?" என்று கேட்டாள் அக்கா.

விடை அவளுக்கே தெரியும். ஆய்வுக்காகச் சுவிட்சைக் கெடுத்த முட்டைகளை இரண்டாம் நாள் சரிசெய்தால் கண் ஒழுங்காக வளரும். ஆறாம் நாள் என்ன செய்தாலும் வளராது. அந்த ஆறாம் நாள் முட்டைகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவது அக்காதான்.

வீட்டில் மகள் கேட்டாள். "என்னம்மா சொன்னாங்க?"

"உன்மேல தப்பு ஒண்ணுமில்லயாம், தங்கம்."

"அப்ப இனிமே கூசாதா?"

அக்கா எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"கூசும்," என்றாள்.